பாதையில் ஏறினால் படுவான்கரை

டொரன்டோவில் இருக்கும் என் மச்சான் போன பனிக்காலத்தில் குடும்பத்தோடு கியூபாவுக்குப் போய்வந்தார். விமானம், அறை, சாப்பாடு எல்லாம் ஒரே கட்டணத்தில். "கடல் நல்ல வடிவு மச்சான். ஆனா விடுதி வேலிக்கு வெளியே ஒருநாளும் போகல்ல" என்றார். எனக்கு மனது கேட்கவில்லை. "அடுத்த லீவுக்கு மட்டக்களப்புப் பக்கம் நம்ம ஊருக்கு வாங்க, கடலும் வாவியும் காட்டுறன்" என்றேன். ஜூலையில் வந்தார்கள்.

மாதம் பார்த்துத்தான் வரச் சொன்னேன். முன்பு ஒரு டிசெம்பரில் பாசிக்குடாவில் இரண்டு நாளுக்கு முழுப்பணமும் கட்டி அறை எடுத்தேன். மழை விடவேயில்லை, கட்டிய காசும் திரும்பி வரவில்லை. கரீபியனில் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். எங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை கடல் அடங்கிக் கிடக்கும். போயா விடுமுறையோடு சனி, ஞாயிறு சேர்ந்து வந்தால் மட்டும் தவிர்த்துவிடுங்கள். அறை வாடகை ஏறிவிடும்.

தங்குவதற்குக் கடலைப் பார்த்த அறை தேவையில்லை, ஊர் வீடு ஒன்றில் ஓர் அறை போதும். எங்கள் ஊரில் கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் கல்முனை வீதி. எங்கிருந்தாலும் இரண்டுக்கும் நடந்தே போகலாம். கியூபாவிலும் 1997 முதல் வீடுகளில் அறை வாடகைக்கு விட அனுமதி உண்டு. அங்கே செலவைச் சுருக்குகிறவர்கள் அந்த வீடுகளைத்தான் தேடிப் போகிறார்கள்.

காலையில் நான்கு சைக்கிள்களை இரவல் வாங்கிக்கொண்டு துறைக்குப் போனோம். அம்பிளாந்துறைக்குப் போகும் மிதவையை நாங்கள் 'பாதை' என்போம். மோட்டார் சைக்கிள்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மரக்கறிச் சாக்கு எல்லாம் ஏறிய பிறகு, பலகைத் தளம் மெல்ல அசைந்து கரையை விட்டது. கம்பியைப் பிடித்தபடி நின்ற மச்சானின் மகள் தண்ணீரையே பார்த்தாள். கண்ணாப் பற்றைக்குள் இருந்து ஒரு கொக்கு எழும்பிப் பறந்தது. பக்கத்தில் நின்ற ஆச்சி, "கரைக்குக் கிட்டப் போனா இறால் துள்ளும், பாரு மனே" என்றார். சொன்னபடியே துள்ளியது. சுற்றுலாப் படகுக்குக் கொடுப்பதில் சிறு பங்குகூடப் பாதைக்குச் செலவாகாது.

அக்கரையில் படுவான்கரை. வயல் வழியே போய்க் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தால் எங்கள் கிழக்குக் கரையான எழுவான்கரைக்குக் கிறுகினோம். வெயில் ஏறுமுன் புறப்படுங்கள். தண்ணீர்ப் போத்தலை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

கடல் குளிப்புக்குப் பாசிக்குடாதான். எங்கள் கரை திறந்த கடல், அலை இழுக்கும். பிள்ளைகளை இறக்க வேண்டாம். பாசிக்குடாவில் இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். மட்டக்களப்பில் பஸ் மாறி வாழைச்சேனையில் இறங்கினால், அங்கிருந்து ஆட்டோ. காலையில் போய்ப் பின்னேரம் திரும்பினால் விடுதிச் செலவே இல்லை.

சாப்பாட்டுக்கு, வாவி மீன் கரைக்கு வரும் விடிகாலையில் துறைக்குப் போங்கள். நண்டை நீங்களே பொறுக்கி வாங்கி, தங்கும் வீட்டு அக்காவிடம் கொடுத்து, சமையல் கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள். இரவுக்குச் சட்டித் தயிரும் சீனியும் போதும்.

கடைசி இரவு நிலவு இருந்தது. பாடும் மீனைக் கேட்கக் கல்லடிப் பழைய பாலத்தடியில் தோணி பிடித்து, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையில் மச்சானைக் காது வைக்கச் சொன்னேன். வெகுநேரம் அவர் நிமிரவில்லை.