பாசறையும் பருகுநீரும்

போர் என்றவுடன் வாளும் வேலும், கரியும் பரியுமே நம் நினைவில் எழுகின்றன. ஆயின், பகைவர் வாளுக்குத் தப்பிய வீரர் பலர் பாசறையில் பரவிய கழிச்சலுக்கும் காய்ச்சலுக்கும் இரையாயினர் என்பதும் வரலாறே. நோய்க்கிருமி என்ற ஒன்றை அறியாத அக்காலத்தில் படைகள் தம்மை எவ்வாறு காத்துக்கொண்டன என்பதைச் சுருங்கக் காண்போம்.

பாரசீகப் பேரரசர் சைரஸ் (கி.மு. 6ஆம் நூற்றாண்டு) படையெடுத்துச் செல்லுங்கால், சூசா நகரை ஒட்டி ஓடிய கோவாஸ்பெஸ் ஆற்றின் நீரைக் காய்ச்சி, வெள்ளிக் கலங்களில் நிரப்பி, கோவேறு கழுதைகள் பூட்டிய நாற்சக்கர வண்டிகளில் ஏற்றிச் சென்றனர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் குறிக்கிறார். ஆனால் அந்நீர் அரசருக்கு மட்டுமே உரியது. படைவீரனுக்கோ வழியில் கிடைத்த நீரே வாய்த்தது.

படை முழுமைக்கும் பொருந்தும் விதிகளை உரோமரிடம் காண்கிறோம். போர்க்கலை குறித்து நூல் யாத்த வெஜிடியஸ், படையின் நலம் இடம், நீர், பருவம், மருந்து, உடற்பயிற்சி ஆகிய ஐந்தையும் பொறுத்தது என்கிறார். சதுப்பு நிலத்து நீரை அவர் விலக்குகிறார்; கெட்ட நீரை நஞ்சுக்கு ஒப்பிடுகிறார். ஒரே இடத்தில் நெடுநாள் தங்கினால் நீர் மாசுபட்டு நோய் தோன்றும். ஆதலின் பாசறையை மாற்றுக என்கிறார். இக்கடமையை மருத்துவரிடம் மட்டும் விடாமல் படைத்தலைவர் மீதும் சுமத்துகிறார்.

இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள ஹவுஸ்டெட்ஸ் என்னும் உரோமக் கோட்டையில், கழிப்பிடம் தாழ்ந்த மூலையில் அமைந்திருப்பதையும், தொட்டியில் சேர்ந்த மழைநீர் அதனைக் கழுவிச் சென்றதையும் இன்றும் காணலாம். எனினும் உரோமக் கழிப்பிட மண்ணில் குடற்புழுக்களின் முட்டைகளை ஆய்வாளர் கண்டுள்ளனர். விதி இருந்தும் வெற்றி முழுமையாகவில்லை என்பதற்கு இது சான்று.

அரபுப் படைகளின் வரலாற்றிலும் இத்தகைய விழிப்பைக் காண்கிறோம். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) தடுத்தார்கள். நீர்க்கலங்களை மூடி வைக்கப் பணித்தார்கள். பின்னர், ஹிஜ்ரி 18இல் (கி.பி. 639) பாலஸ்தீனத்தின் அம்வாஸில் தோன்றிய கொள்ளைநோய், சிரியாவிலிருந்த முஸ்லிம் படையைத் தாக்கியது. சிரியா நோக்கிப் புறப்பட்ட கலீஃபா உமர் (ரலி), ஸர்க் என்னுமிடத்தில் செய்தியறிந்து, தோழர்களைக் கலந்தாய்ந்து திரும்பினார்கள். இறைவனின் விதியைவிட்டு ஓடுவதா என்று தளபதி அபூ உபைதா (ரலி) வினவியபோது, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்துப்பட விடையிறுத்தார்கள். ஈரம் மிகுந்த தாழ்நிலத்தைவிட்டு மேட்டுநிலத்திற்குப் படையை நகர்த்துமாறு பின்னர் மடலும் விடுத்தார்கள். அபூ உபைதா (ரலி) அந்நோயிலேயே மறைந்தார்கள். பின்பு பொறுப்பேற்ற அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) மக்களை மலைகளில் பிரித்துத் தங்கவைக்க, நோய் தணிந்தது என வரலாற்றாசிரியர் கூறுவர்.

காலரா நீரின் வழியே பரவுவதை 1854இல் ஜான் ஸ்நோ இலண்டனில் மெய்ப்பித்தார். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, காரணம் அறியாமலும் காவல் செய்தனர் முன்னோர். காரணம் அறிந்த நாமோ நீர்த்தொட்டியைத் திறந்து போடுகிறோம். குளத்தில் கழிவைக் கலக்கிறோம். நோய் வந்தபின் விதியை நோகிறோம். முன்காப்பு இறைநம்பிக்கைக்கு மாறானதன்று. அதன் ஒரு கூறே என்பதை ஸர்க்கில் எடுத்த முடிவு உணர்த்துகிறது. மாணவர்கள் இதனை நெஞ்சிற் கொள்வார்களாக!