தண்ணீர்த் திண்டாட்டத்துக்குத் தலைக்கணக்கா காரணம்?

கேள்வி: மக்கள்தொகை பெருகுவதால்தானே மைசூரு வட்டாரத்தில் தண்ணீர்ப் பிரச்சினை?

பதில்: அது முழுக் காரணம் அல்ல. மைசூர் சமஸ்தானம் 1930-லேயே அரசு மருத்துவமனைகளில் கருத்தடை ஆலோசனை நிலையங்கள் திறக்க ஆணையிட்டது. இந்தியாவுக்கே முன்னோடி முயற்சி. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி கர்நாடகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.7 குழந்தைகள்தான், தலைமுறையை ஈடுகட்டவே 2.1 வேண்டும். பிறப்பு குறைந்தும் காவிரி, கபினி ஆறுகள் மீதான சுமை குறையவில்லையே! ஏற்கெனவே பிறந்த இளைஞர்கள் குடும்பம் அமைக்கிறார்கள், வேலை தேடி நகரத்துக்கு வருகிறார்கள் என்று மறுக்கலாம், நியாயம்தான். ஆனாலும் கிருஷ்ணராஜசாகர் அணையின் பாசன நீரில் பெரும்பங்கு விஸ்வேஸ்வரய்யா கால்வாய் வழியே மண்டியா வயல்களுக்குப் போகிறது. அங்கே நெல் கணுக்காலளவு தண்ணீரில் நிற்கிறது, கரும்பு ஆண்டு முழுக்கக் குடிக்கிறது. குறைந்த நீரில் விளையும் ராகிக்கு மாறும் உழவருக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைத்தால் அணையில் மிஞ்சும் நீர் பெரிது. அதைச் செய்யாமல் ஏழை வீட்டுப் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருப்பது அநியாயம்.