வெளி மாநில நம்பர் வண்டியோடு ஊர் திரும்பினால்: எந்த வழி யாருக்கு லாபம்?

பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் தொப்பம்பட்டி, ஒட்டன்சத்திரம், பழநிப் பக்கத்துத் தெருக்களில் நிற்கும் கார்களின் நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே போதும், ஊர்ப் பிள்ளைகள் எங்கெங்கே பிழைக்கப் போயிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கே.ஏ. என்றால் பெங்களூரு, கே.எல். என்றால் பாலக்காடோ கொச்சியோ. விழா முடிந்ததும் அந்த வண்டிகள் வந்த வழியே போய்விடும். அவற்றால் யாருக்கும் தொல்லையில்லை. வேலையை விட்டோ, மாற்றல் வாங்கியோ, அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ளவோ ஊரோடு வந்து தங்கிவிடுகிறவர்களின் வண்டிதான் கேள்விக்குரியது. அதை என்ன செய்வது?

‘லைஃப் டாக்ஸ் கட்டியாச்சு, இனி என்ன?’ என்று நினைப்பதில்தான் பலருக்குச் சிக்கல் தொடங்குகிறது. வண்டியின் பதிவு இந்தியா முழுக்கச் செல்லும். வரி அப்படிச் செல்லாது. அரசியலமைப்பு வாகன வரியை மாநிலப் பட்டியலில் வைத்திருக்கிறது. பெங்களூரில் கட்டிய ஆயுட்கால வரி கர்நாடகச் சாலைக்கான வரி. வண்டி தமிழ்நாட்டில் தங்கினால் தமிழ்நாட்டுக்குத் தனியாகக் கட்டவேண்டும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் குடியேறிய தமிழர்கள் காரின் அன்றைய மதிப்புக்கேற்ப ஆண்டுதோறும் கவுண்டிக்குச் சொத்து வரி கட்டுகிறார்கள். ஊர் மாறினால் அடுத்த பில் புது ஊரிலிருந்து வரும். இங்கே மொத்தத்தையும் முதல் நாளே கட்டிவிடுவதால், இடம் மாறும்போது சுமை ஒரேயடியாக வந்து விழுகிறது.

எத்தனை நாள் அவகாசம்? மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 47-ஆம் பிரிவு, வேற்று மாநிலப் பதிவுள்ள வண்டி இன்னொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கினால் புது எண் கேட்டு விண்ணப்பிக்கவேண்டும் என்கிறது. இந்த ஒரு வருடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி முடிவு தானே வந்துவிடும்.

முதல் வழி, பழைய நம்பரிலேயே ஓட்டுவது. ஆறு மாதமோ எட்டு மாதமோ இருந்துவிட்டுத் திரும்பப் போகிறவர்களுக்கு இதுதான் சரி. வேறு எதுவும் செய்யத் தேவையில்லை. ஆனால் வண்டி எப்போது எல்லை தாண்டி வந்தது என்பதற்கு ஆதாரம் கையில் இருக்கவேண்டும்: ஃபாஸ்டாக் கணக்கில் வரும் சுங்கச்சாவடிப் பதிவு, வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தால் அந்த ரசீது, பெங்களூரு சர்வீஸ் சென்டரில் கடைசியாகப் போட்ட பில். ஒரு வருடக் கணக்கு சர்ச்சைக்கு வந்தால் பேசப்போவது இந்தக் காகிதங்கள்தான். வெளி மாநில வண்டி முப்பது நாளுக்கு மேல் இருந்தாலே ஆயுட்கால வரி என்று கர்நாடகம் 2014-இல் சட்டம் திருத்தியது. 2016-இல் அம்மாநில உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஓராண்டு அவகாசம் என்பது நீதிமன்றம் வரை போய் நின்ற விஷயம், வெறும் வாய்ப்பேச்சு அல்ல. அதேபோல ஓராண்டு தாண்டிய பிறகு ‘நேற்றுதான் வந்தேன்’ என்று சோதனையில் சொல்வதும் செல்லாது.

இரண்டாவது வழி, தமிழ்நாட்டு நம்பருக்கு மாற்றுவது. செலவும் அலைச்சலும் அதிகம் உள்ள வழி இது. இருந்தாலும் ஊரில் நிலையாகத் தங்கப்போகிறவரின் கார் நான்கைந்து வயதுக்குள் இருந்தால், பெரும்பாலும் இதுதான் கட்டுப்படியாகும்.

வரி எவ்வளவு? 2023 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு விகிதப்படி புதுக் காருக்கு 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. இருசக்கர வண்டிக்கு 1 லட்சம் வரை 10, மேலே போனால் 12. புதிதாக வாங்கும் 8 லட்ச ரூபாய்க் காருக்கு 1,04,000 ரூபாய் வரி. பழைய வண்டியை மறுபதிவு செய்யும்போது அதன் வயதுக்கேற்ப விகிதம் குறையும். ஆகவே வண்டியின் வயதை முதல் பதிவுத் தேதியிலிருந்து சரியாகக் கணக்கிட்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தொகையைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மற்ற வேலைகளைத் தொடங்கவேண்டும். 10 லட்சத்தைத் தாண்டியதும் விகிதம் 13-லிருந்து 18-க்குத் தாவுகிறது. அந்த எல்லையை ஒட்டிய விலையில் வாங்கிய காருக்கு ஒரிஜினல் இன்வாய்ஸ் கையில் இருப்பது மிக முக்கியம்.

இந்த வேலை தொப்பம்பட்டியில் தொடங்குவதில்லை, பழைய ஊரில் தொடங்குகிறது. அங்குள்ள பதிவு அலுவலகம் தரும் என்.ஓ.சி. இல்லாமல் இங்கே விண்ணப்பம் நகராது. படிவம் 28-இல் கேட்கவேண்டும். பரிவாகன் தளத்திலேயே தொடங்கலாம். நிலுவையில் ஒரு இ-சலான் இருந்தாலும் சிக்கும். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதமும் வேண்டும். கடன் முடிந்தும் ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன் நீங்காமல் இருந்தால் அதை முதலில் நீக்கிவிடுவது நல்லது. என்.ஓ.சி. கேட்டு முப்பது நாளுக்குள் அலுவலகம் மறுக்கவும் இல்லை, தரவும் இல்லை என்றால் தந்ததாகவே கொள்ளலாம் என்று 48-ஆம் பிரிவு சொல்கிறது. இது பலருக்கும் தெரியாத உரிமை. விண்ணப்பித்த ரசீதைப் பத்திரப்படுத்துவது அதனால்தான்.

இங்கே வந்த பிறகு படிவம் 27, என்.ஓ.சி., ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று, சேஸிஸ் எண்ணின் பென்சில் பிரிண்ட் ஆகியவற்றோடு வண்டியையும் கொண்டுபோய் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டவேண்டும். வரி கட்டியதும் புது எண் வரும். அதோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிடக்கூடாது. இன்சூரன்ஸ் பாலிசியிலும் ஃபாஸ்டாகிலும் எண்ணை மாற்றியாகவேண்டும். பழைய எண்ணிலேயே பாலிசி கிடந்தால் விபத்து நேரத்தில் கிளெய்ம் இழுபறியாகிவிடும்.

பலர் கைவிட்டுவிடும் பணம் ஒன்று இதில் இருக்கிறது. பழைய மாநிலத்தில் கட்டிய ஆயுட்கால வரியில் வண்டி பயன்படாத காலத்துக்கு உரிய பங்கைத் திரும்பக் கேட்கலாம். கர்நாடகத்தில் வண்டியின் வயதுக்கு ஏற்ற அட்டவணையே இருக்கிறது. அங்கே 5 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், 10 லட்சம் வரை 14, அதன்மேல் செஸ் தனி என்று வாங்குகிறார்கள். இரண்டு மூன்று வயதுக் காரென்றால் திரும்ப வரவேண்டியது கணிசமான தொகை. புது மாநிலத்தில் பதிவு செய்து வரி கட்டிய ஆவணத்தைக் காட்டினால்தான் அது கிடைக்கும் என்பதால், ‘இதுக்காக இன்னொரு தடவை பெங்களூருக்கா’ என்று விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. ஒரே வண்டிக்கு இரண்டு மாநிலத்துக்கும் முழு வரி கட்டியவர் தன் சொந்தப் பணத்தைத்தான் கேட்கிறார். என்.ஓ.சி. வாங்கப் போகும்போதே அதற்கான படிவம், வங்கிக் கணக்கு நகல், தேவையான கையெழுத்து எல்லாவற்றையும் விசாரித்து வைத்துக்கொண்டால் இரண்டாவது பயணம் மிச்சமாகலாம்.

மூன்றாவது வழி, அங்கேயே விற்றுவிட்டு இங்கே வேறு வாங்குவது. பத்து வயது தாண்டிய காருக்குப் பெரும்பாலும் இதைத்தான் யோசிக்கவேண்டும். திரும்ப வரும் வரி சொற்பமாகியிருக்கும். இங்கே கட்டவேண்டிய வரியோ அந்த வண்டியின் சந்தை விலையில் பெரும்பங்கைத் தின்றுவிடும். பதினைந்து வயது முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்கவேண்டும். 2022 ஏப்ரல் முதல் காருக்கான அந்தக் கட்டணம் 600-லிருந்து 5,000 ரூபாயாகவும், பைக்குக்கு 300-லிருந்து 1,000 ரூபாயாகவும் உயர்ந்துவிட்டது. பழைய ஸ்கூட்டரை ரயில் பார்சலில் ஏற்றி, மறுபதிவு செய்து, புது நம்பர் பிளேட் மாட்டும் செலவைக் கூட்டிப் பார்த்தால் அது தன் விலையைத் தாண்டிவிடக்கூடும். தாத்தா வாங்கிய வண்டி என்ற பாசம் இருந்தால் அது வேறு விஷயம். கணக்கு மட்டும் பார்த்தால் விற்பதே மேல்.

இதே கணக்கு, வெளி மாநில செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்களுக்கும் பொருந்தும். டெல்லி வட்டாரத்தில் பத்து வயது டீசல் கார்களுக்கும் பதினைந்து வயது பெட்ரோல் கார்களுக்கும் தடை வந்ததிலிருந்து அங்கிருந்து மலிவு விலை வண்டிகள் தெற்கே வருகின்றன. புரோக்கர் சொல்லும் விலை, வண்டி விலை மட்டும்தான். மாநில வரியையும் மறுபதிவையும் சேர்த்தால், உள்ளூர் டி.என். வண்டிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் மெலிந்துவிடும். வாங்குகிறவருக்குப் பன்னிரண்டு மாத அவகாசமும் கிடையாது. வண்டி கைமாறிய முப்பது நாளுக்குள் தன் பகுதி அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்குத் தெரிவிக்கவேண்டும். என்.ஓ.சி. ‘அப்புறம் வரும்’ என்றால் முன்பணம் கொடுக்கக்கூடாது.

நான்காவது வழி, பி.ஹெச். வரிசை எண். 2021 செப்டம்பர் 15 முதல் வந்த இந்த ஏற்பாடு எல்லாருக்கும் உரியதல்ல. ராணுவத்தினர், மத்திய மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறை ஊழியர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் ஆகியோருக்கு மட்டும். பதினைந்து வருட வரியை மொத்தமாகக் கட்டாமல் இரண்டிரண்டு ஆண்டாகக் கட்டலாம். மாநிலம் மாறினால் எண் மாறாது. 2022 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு சாதாரண எண்ணுள்ள வண்டியையும் இதற்கு மாற்ற இடமுண்டு. மூன்று வருடத்துக்கு ஒரு தரம் மாற்றலாகும் வங்கி அதிகாரிக்கும் ராணுவ வீரருக்கும் இதைவிட நல்லது இல்லை. ஆனால் எல்லா மாநிலங்களும் இதை ஒரே வேகத்தில் ஏற்கவில்லை. தன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிட்டே இதை நம்பவேண்டும். ஊரிலேயே வேர்விடப் போகிறவருக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வரி நினைவூட்டல் வேண்டாத தலைவலி.

ஐந்தாவதாக ஒரு குறுக்குவழியையும் சிலர் சொல்வார்கள்: வரி குறைந்த புதுச்சேரியில் யாருடைய முகவரியையோ காட்டிப் பதிவு செய்வது. 2017-இல் கேரளத்தில் நடிகர்கள் சிலர் மீது இதே புகாரில் வழக்குகள் பாய்ந்தன. போலி முகவரி வரி விவகாரமாக நிற்காது, குற்ற வழக்காகும். அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

லாரி, டாக்ஸி போன்ற மஞ்சள் பலகை வண்டிகளின் பர்மிட்டும் வரியும் தனிக் கணக்கு; இங்கே சொன்னதெல்லாம் சொந்த உபயோக வண்டிகளுக்கு மட்டும்.

ஊர் திரும்ப முடிவெடுத்தவர்கள் வீட்டுச் சாமான் ஏற்றும் லாரிக்குச் சொல்வதற்கு முன்பே மூன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: வண்டியின் சரியான வயது, இங்கே கட்டவேண்டிய வரி, அங்கிருந்து திரும்ப வரும் தொகை. ஐந்து வயதுக்குள் என்றால் என்.ஓ.சி.யோடு கொண்டுவாருங்கள். பத்தைத் தாண்டினால் விற்றுவிட்டு வாருங்கள். இடைப்பட்ட வயதென்றால் அந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி, அங்கே விற்றால் கிடைக்கும் விலையோடு ஒப்பிட்டு, பழைய ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே முடிவெடுங்கள்.