மூச்சுக் கருவி வைத்தும் களைப்பு ஏன்?



"தினமும் மெஷின் போட்டுக்கொண்டுதான் படுக்கிறேன் டாக்டர். ஆனாலும் பகலில் கண்ணைச் சொக்குகிறதே!" ஸ்லீப் ஆப்னியா எனப்படும் தூக்க மூச்சுத்தடை நோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்களிடம் மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் குறை இது. சிலர் இப்படிச் சலித்துப்போய்க் கருவியைப் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள். அந்தத் தவறைச் செய்யாதிருக்கவே இந்தப் பாடம்.

இந்நோயில், தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை விழித்துக்கொண்டு மூச்சை மீட்கிறது. நோய் கடுமையானால் இது மணிக்கு 30 தடவைக்குமேல் நடக்கும். காலையில் எதுவும் நினைவிராது. 1981-ல் சிட்னி நகர மருத்துவர் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும், மூக்கின்வழியே சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி அப்பாதையைத் திறந்து வைக்கும் முறையை வெளியிட்டார்கள். அதுவே சிபாப். மூக்குக்கண்ணாடியைப் போல, போட்டிருக்கும் நேரத்தில் மட்டுமே அது உதவும்.

களைப்பு நீங்காவிட்டால் இவற்றை வரிசையாகப் பாருங்கள்.

1. எத்தனை மணி நேரம் போடுகிறீர்கள்? 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரவுக்கு 4 மணி நேர உபயோகத்திலேயே பலருக்குத் தூக்கக்கலக்கம் குறைந்தது. ஆனால் அன்றாட வேலைகளைச் செய்யும் திறன், ஏழரை மணி நேரம் வரை உபயோகம் கூடக்கூடத் தேறியது. அதிகாலையில் பாத்ரூம் போகக் கழற்றுகிறவர்கள் பலர் திரும்பப் போடுவதில்லை. கனவுத்தூக்கம் அதிகமாக வருவது பின்னிரவில்தான். மூச்சுத்தடை பெரும்பாலும் மோசமாவதும் அப்போதுதான். பகல் தூக்கத்துக்கும் கருவி வேண்டும்.

2. காற்று கசிகிறதா? முகமூடி அளவு பொருந்தாவிட்டாலும், தூக்கத்தில் வாய் திறந்துகொண்டாலும் அழுத்தம் வீணாகும். காலையில் வாய் உலர்ந்திருப்பது ஓர் அடையாளம். உடல் எடை கூடியிருந்தால் பழைய அழுத்தம் போதாமல் போகலாம். கருவியில் பதிவாகும் கணக்கை மருத்துவரிடம் காட்டுங்கள். அழுத்தத்தை நீங்களாக மாற்ற வேண்டாம்.

3. வேறு காரணம் உண்டா? இரத்தசோகை, தைராய்டு குறைவு, கட்டுப்படாத சர்க்கரை, மனச்சோர்வு ஆகியவையும் களைப்பைத் தரும். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். சளி மாத்திரைகள் சிலவும் மறுநாள்வரை மந்தமாக்கும்.

4. எல்லாம் சரியாக இருந்துமா? சிலருக்கு அப்படியும் தூக்கக்கலக்கம் நீடிக்கிறது. விழிப்பைக் கூட்டும் மருந்துகள் உண்டு. அவற்றை நிபுணரே தீர்மானிக்க வேண்டும். அவை கருவிக்கு மாற்று அல்ல.

களைப்பு வேறு, தூக்கக்கலக்கம் வேறு. தூக்கக்கலக்கத்தை அளக்க, மெல்போர்ன் நகர மருத்துவர் மர்ரே ஜான்ஸ் 1991-ல் எப்வொர்த் அளவுகோலை வெளியிட்டார். வாசிக்கையில், டி.வி. பார்க்கையில், கூட்டத்தில் சும்மா உட்கார்ந்திருக்கையில் என்று 8 சூழ்நிலைகள். கண்ணயரும் வாய்ப்புக்கு ஒவ்வொன்றிலும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 24-ல் 10-க்கு மேல் வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கலக்கம் இருக்கும் நாளில் வண்டி ஓட்டாதீர்கள். ஒரு நொடி கண்ணயர்ந்தால் போதும். உங்கள் உயிரோடு எதிரே வருகிறவரின் உயிரும் போகலாம்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை: பிரசங்க நேரத்தில் தலை சாய்கிறவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள். பல வருடம் கெட்ட தூக்கம் சில இரவுகளில் சரியாகாது; வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அதுவரை, நள்ளிரவில் முகமூடி கழன்றிருந்தால் மெல்ல எழுப்பி, மறுபடி போடச் சொல்லுங்கள்.

சிந்திக்க:
அ) நேற்றிரவு எத்தனை மணி நேரம் கருவி முகத்தில் இருந்தது?
ஆ) கடைசியாக இரத்தப் பரிசோதனை செய்தது எப்போது?
இ) களைப்பை மருத்துவரிடம் சொன்னீர்களா, மனதுக்குள்ளேயே வைத்திருக்கிறீர்களா?