மீன்தொட்டியும் மின்சாரமும்

கொச்சியின் காயல் கரையில் அமைந்த பழைய வணிகப் பகுதி மட்டாஞ்சேரி. அங்குத் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் காற்றில் ஈரம் மிகும். கடற்காற்றின் உப்பு, மின்செருகிகளின் உலோகத்தை அரிக்கும். இத்தகைய ஊரில் வீட்டில் வண்ணமீன் வளர்ப்போர் மின்சாரத்தின் இயல்பை நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

மீன்தொட்டியின் காற்றேற்றியும் வடிகட்டியும் பெரும்பாலும் 230 வோல்ட் மின்சாரத்தில் இயங்குவன. நீரில் மூழ்கியுள்ள வடிகட்டியின் உறை விரிந்தால் மின்சாரம் நீரில் கசியும். அப்போதும் மீன்கள் வழக்கம்போல் நீந்தக்கூடும். கண்ணாடித் தொட்டி மின்சாரத்தைக் கடத்தாது. ஆதலால் மின்சாரம் மீன்களின் வழியே நிலத்தை அடைவதில்லை. ஆனால், ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர் தொட்டிக்குள் கைவிட்டால், அவர் உடலே அதற்கு வழியாகிவிடும். ஆகவே, மீன்கள் உயிரோடிருப்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது.

வீட்டிலுள்ள 6 ஆம்பியர் எம்.சி.பி. இவ்விபத்தைத் தடுக்குமா? தடுக்காது. அது மின்கம்பிகளைக் காப்பதற்கே உரியது. இதயத் துடிப்பைக் குலைக்கச் சில பத்து மில்லி ஆம்பியர் மின்னோட்டமே போதும். ஆர்.சி.சி.பி. என்னும் கருவியோ, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே நொடிப்பொழுதில் மின்சாரத்தைத் துண்டிக்கும். அதன் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்த்தல் நன்று.

நினைவில் கொள்க:

1. தொட்டிக்குள் கைவிடுமுன் எல்லாச் செருகிகளையும் கழற்றுக.
2. மின்கம்பி செருகிக்குக் கீழே வளைந்து தொங்கட்டும். கம்பி வழியே வழியும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும்.
3. காற்றேற்றியை நீர்மட்டத்திற்கு மேலே வைக்க. கீழே இருப்பின், மின்தடையின்போது குழாய் வழியே நீர் அதனுள் புகும்.
4. மூன்று முனைச் செருகியையே பயன்படுத்துக. நில இணைப்பு முனையை ஒருபோதும் நீக்கற்க.

ஒருவர் மின்னதிர்ச்சிக்கு உள்ளானால் அவரைத் தொடலாகாது. முதலில் முதன்மை விசையை நிறுத்துக. பின்னர் 108 என்னும் எண்ணில் ஆம்புலன்சை அழைக்க. பதற்றத்தில் நீளும் ஒரு கை, மற்றோர் உயிரையும் இழக்கச் செய்யும்.

சொற்பொருள்

விரிந்தால் – விரிசல் விட்டால்
சான்று – ஆதாரம்
நீக்கற்க – நீக்காதே

பயிற்சி

1. மின்சாரம் கசியும் நீரிலும் மீன்கள் நீந்துவது எவ்வாறு?
2. எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. ஆகியவற்றின் பணிகளை வேறுபடுத்துக.
3. பிரித்து எழுதுக: கடற்காற்று, மின்னோட்டம், வெறுங்கால்.
4. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள ஈரமான இடங்களின் மின்செருகிகளைத் தொடாமல் பார்வையிட்டு ஐந்து வரிகள் எழுதுக.