அறையைப் பதிவு செய்யுமுன்: மேற்குச் சிட்னியில் தங்குமிடம் தேடும் முறை

டபோ நகரில் வாழும் முதியவர் ஒருவருக்கு வெஸ்ட்மீட் மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். டபோ, சிட்னியிலிருந்து ஏறத்தாழ 400 கி.மீ. தொலைவில் உள்ளது. மனைவியும் மகனும் உடன் வர வேண்டும். டூங்காபியில் உள்ள உறவினர் வீட்டில் இரண்டே அறைகள். அங்கே ஏற்கெனவே ஐவர் வசிக்கின்றனர். ஆகவே, “ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு அறை பாருங்கோ அண்ணா” என்ற பொறுப்பு அந்த உறவினரைச் சேருகிறது. அவர் கைப்பேசியில் தேடி, மிகக் குறைந்த விலையில் கிடைத்த அறையை ஐந்து இரவுகளுக்குப் பதிவு செய்கிறார். பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் மருத்துவமனை சிகிச்சையை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்கிறது. கட்டிய பணம் திரும்பவில்லை. பதிவுப் பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில், “பணம் திருப்பித் தரப்படமாட்டாது” என்ற ஒரு வரி இருந்தது.

இத்தகைய இழப்பு பெரும்பாலும் தவிர்க்கக்கூடியதே. விலையைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உள்ளன. அவற்றை இப்பாடம் வரிசையாக விளக்குகிறது.

1. ‘ஹோட்டல்’ என்னும் சொல்

தமிழர் பேச்சு வழக்கில் ஹோட்டல் என்பது உணவகம். ஆஸ்திரேலியாவில் அச்சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. ஒன்று, தங்கும் விடுதி. மற்றொன்று, மதுச்சாலை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 2007ஆம் ஆண்டு மதுச் சட்டமும் மதுச்சாலைகளுக்கு வழங்கும் உரிமத்தை ‘ஹோட்டல் உரிமம்’ என்றே குறிப்பிடுகிறது. முற்காலத்தில் மதுச்சாலைகள் பயணிகளுக்குத் தங்க இடமும் அளித்து வந்தமையால் அப்பெயர் நிலைத்துவிட்டது. இன்று பெயர்ப்பலகையில் ஹோட்டல் என்றிருக்கும் பல கட்டடங்களில் படுக்கையறை ஒன்றும் இருப்பதில்லை. அறைகள் உள்ள சில இடங்களிலும், அவை கூச்சல் மிகுந்த மதுக்கூடத்தின் மேல்மாடியில் அமைந்திருக்கக்கூடும். குளியலறை பொதுவாக இருக்கக்கூடும். நோயாளியோ குழந்தையோ உடன் தங்குவதாயின் இதைத் தொலைபேசியில் கேட்டறிவது நன்று.

‘மோட்டல்’ என்பது நெடுஞ்சாலையோரம், அறை வாசலருகே காரை நிறுத்தக்கூடிய எளிய விடுதி. ‘சேர்விஸ்ட் அப்பார்ட்மென்ட்’ என்பது அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, பல இடங்களில் சலவை இயந்திரம் ஆகியவற்றுடன் கூடிய தங்குமனை. பத்திய உணவு தேவைப்படுவோருக்கும், மரக்கறி மட்டும் உண்போருக்கும், ஒரு வாரத்துக்கு மேல் தங்குவோருக்கும் இதுவே பொருத்தமானது. இரவுக் கட்டணம் சற்று உயர்வாகத் தோன்றினாலும், மூவர் மூன்று வேளையும் வெளியே உண்ணும் செலவைக் கணக்கிட்டால் மொத்தச் செலவு குறைவாகவே முடியலாம்.

2. எந்தப் புறநகர்?

தேடுதளங்களில் ‘சிட்னி’ என்று மட்டும் தட்டெழுதினால் முதலில் வருபவை நகர மையத்து விடுதிகளே. பாரமற்றா, நகர மையத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 24 கி.மீ. தொலைவில் உள்ளது, பிளாக்டவுன் அதற்கும் அப்பால் உள்ளது, பென்ரித் 50 கி.மீ. தாண்டியது. எனவே ஊரின் பெயரால் தேடாமல், போக வேண்டிய இடத்தின் பெயரால் தேடுவதே முறை.

வெஸ்ட்மீட் மருத்துவமனையும் வெஸ்ட்மீட் சிறுவர் மருத்துவமனையும் அருகருகே அமைந்தவை. அவ்விடத்து விடுதிகள் நிறைந்துவிட்டால் பாரமற்றாவில் தேடலாம். 2024 டிசம்பரில் தொடங்கிய பாரமற்றா இலகு ரயில், பாரமற்றா நகர மையத்தையும் இவ்விரு மருத்துவமனைகளையும் நேரடியாக இணைக்கிறது. பிளாக்டவுன், செவன் ஹில்ஸ், டூங்காபி, பெண்டில் ஹில், வெண்ட்வர்த்வில் ஆகியவை வெஸ்ட்மீட் வழியே செல்லும் அதே ரயில் பாதையில் உள்ளன. கார் இல்லாதவருக்கு, மருத்துவமனையிலிருந்து மூன்று கி.மீ. தொலைவில் ரயில் நிலையமற்ற தெருவிலுள்ள விடுதியைக் காட்டிலும், பத்து கி.மீ. தொலைவில் நிலையத்தை ஒட்டியுள்ள விடுதி வசதியானது.

மேஸ் ஹில்லில் உள்ள சிட்னி முருகன் கோயிலின் திருவிழாவுக்கு வருவோரும் பாரமற்றா, வெஸ்ட்மீட் பகுதிகளிலேயே தேடலாம். ஈஸ்டர் காலத்தில் சிட்னி ஒலிம்பிக் பூங்காவில் ‘ரோயல் ஈஸ்டர் ஷோ’ என்னும் பெருங்கண்காட்சி நடைபெறுவதால், அவ்வட்டாரத்து விடுதிகள் முன்கூட்டியே நிறைந்து விலையும் ஏறும். விளையாட்டரங்கில் பெரிய போட்டியோ இசை நிகழ்ச்சியோ உள்ள நாள்களிலும் இதே நிலைதான். பதிவு செய்யுமுன் அந்த நாள்களின் நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொள்வது பணத்தை மிச்சப்படுத்தும்.

விமான நிலையத்துக்கு அருகே தங்குவோர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. உள்நாட்டு, பன்னாட்டு விமான முனைய ரயில் நிலையங்கள் இரண்டிலும் சாதாரணக் கட்டணத்துக்கு மேல் தனி நுழைவுக் கட்டணம் அறவிடப்படுகிறது. அடுத்த நிலையமான மஸ்கொட்டில் அக்கட்டணம் 2011ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. மேலும், விடுதிகள் பொதுவாகப் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குப் பின்பே அறையை ஒப்படைக்கும். அதிகாலை விமானத்தில் வரும் முதியோருக்கு, முதல்நாள் இரவிலிருந்தே அறையைப் பதிவு செய்வதா, பயணப் பைகளை மட்டும் விடுதியில் வைத்துவிட்டு உறவினர் வீட்டில் காத்திருப்பதா என்பதை முன்னரே முடிவு செய்ய வேண்டும்.

3. காட்டப்படும் விலை

ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின்படி, தவிர்க்க முடியாத கட்டணங்களும் வரியும் உட்பட, கணக்கிடக்கூடிய மொத்த விலை தெளிவாகக் காட்டப்பட வேண்டும். ஒரு பகுதியை மட்டும் பெரிதாகக் காட்டி, எஞ்சியதை இறுதிப் பக்கத்தில் சேர்ப்பது முறையன்று. ஆனால் வாகன நிறுத்தம், காலை உணவு, கூடுதல் படுக்கை போன்ற விருப்பச் செலவுகள் இதில் அடங்கா. அவற்றைத் தனியே கேட்டறிய வேண்டும். பல விடுதிகள் கடனட்டையில் ஒரு தொகையைப் பிணையாக நிறுத்திவைப்பதும் உண்டு. அது விடுவிக்கப்பட்டுக் கணக்குக்குத் திரும்பச் சில நாள்கள் ஆகலாம்.

ஒப்பீட்டுத் தளங்களில் முதலில் தெரியும் விலையே மிகக் குறைந்தது என்று கருதலாகாது. ட்ரிவாகோ நிறுவனம் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தியது என 2020 ஜனவரியில் ஆஸ்திரேலிய கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனக்கு அதிகக் கட்டணம் செலுத்தும் பதிவுத் தளங்களின் விலைகளுக்கு அது முன்னிடம் தந்தமையும், சாதாரண அறையின் விலையைச் சொகுசு அறையின் விலையோடு ஒப்பிட்டுச் சலுகைபோலக் காட்டியமையும் அவ்வழக்கில் வெளிப்பட்டன. 2022இல் அந்நிறுவனத்துக்கு 44.7 மில்லியன் டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. தளத்தில் அறையைக் கண்டபின் விடுதிக்கே நேரில் தொலைபேசியில் பேசி, அதே அறைக்கு அவர்கள் கேட்கும் விலையையும் நிபந்தனையையும் அறிந்துகொள்வது நல்ல பழக்கம்.

4. ஒப்பந்தமும் ரத்தும்

அறைப் பதிவு ஓர் ஒப்பந்தம். மனம் மாறியதாலோ பயணம் தள்ளிப்போனதாலோ பணத்தைத் திரும்பப் பெறும் பொது உரிமை சட்டத்தில் இல்லை. பதிவு நிபந்தனையே அதைத் தீர்மானிக்கும். நாள் மாறக்கூடிய எந்தக் காரியத்துக்கும், சில டொலர் கூடுதலானாலும், கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையையே தெரிவு செய்ய வேண்டும். ரத்து செய்வதற்கான இறுதி நாளையும் நேரத்தையும் எழுதிவைக்க வேண்டும்.

விடுதி தன் கடமையில் தவறினால் நிலைமை வேறு. பதிவு செய்த அறை தரப்படாவிட்டாலோ, விளம்பரத்தில் கூறிய சக்கர நாற்காலி வசதி அங்கே இல்லாவிட்டாலோ, தீர்வு கோரும் உரிமை நுகர்வோருக்கு உண்டு. “எக்காரணத்துக்கும் பணம் திரும்பாது” என்ற அறிவிப்பு அவ்வுரிமையைப் பறிக்காது. 2023 நவம்பர் 9 முதல், மாதிரி ஒப்பந்தங்களில் நியாயமற்ற நிபந்தனைகளைச் சேர்ப்பதே அபராதத்துக்குரியது. முதலில் விடுதிக்கும் பதிவுத் தளத்துக்கும் எழுத்தில் முறையிட வேண்டும். பயன் இல்லையெனில் மாநில நியாய வணிகத் துறையை 13 32 20 என்ற எண்ணில் அணுகலாம். பதிவுச் சீட்டையும் விளம்பரப் பக்கத்தின் படத்தையும் பாதுகாத்து வைத்திருப்போருக்கே முறையீடு எளிதாகும்.

5. குறுங்கால வாடகை வீடுகள்

தனியார் வீடுகளில் தங்குவதாயின், அவ்வீடு மாநிலப் பதிவேட்டில் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் அதன் பதிவெண் காட்டப்பட்டிருக்க வேண்டும். பதிவு பெறும் வீடுகள் புகை எச்சரிக்கைக் கருவி உள்ளிட்ட தீப்பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டவை.

விடுதி அறைகளிலும் இக்கருவிகள் உள்ளன. கற்பூரம், ஊதுபத்தி, சாம்பிராணி ஆகியவற்றை ஏற்றுவதும் தாளிப்பதும் கட்டடம் முழுவதற்கும் எச்சரிக்கை மணியை ஒலிக்கச் செய்யக்கூடும். தீயணைப்புப் படை வீணாக அழைக்கப்பட்டால் விதிக்கப்படும் கட்டணத்தை விருந்தினரிடம் அறவிடப் பல விடுதிகளின் நிபந்தனைகள் இடமளிக்கின்றன.

6. கிடைக்கக்கூடிய உதவிகள்

சிறப்பு மருத்துவச் சிகிச்சைக்காக ஒருவழியில் 100 கி.மீ. அல்லது அதற்கு மேல் பயணம் செய்யும் மாநிலக் குடியிருப்பாளர்கள், பயணச் செலவிலும் தங்குமிடச் செலவிலும் ஒரு பகுதியைப் பெற விண்ணப்பிக்கலாம். மருத்துவமனைகளில் இத்திட்டம் ‘ஐப்டாஸ்’ என வழங்கப்படுகிறது. மருத்துவரின் பரிந்துரையும் விடுதிப் பற்றுச்சீட்டும் தேவைப்படும். பிள்ளைகளின் சிகிச்சைக்காகச் சிறுவர் மருத்துவமனைக்கு வருவோர், அங்குள்ள சமூகப் பணியாளரிடம் ரொனால்ட் மக்டொனால்ட் இல்லம் குறித்துக் கேட்கலாம்.

இன்றிரவு தங்க இடமே இல்லை என்ற நிலையில் இருப்போர் ‘லிங்க் டு ஹோம்’ சேவையை 1800 152 152 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். குடும்ப வன்முறையால் வீட்டை விட்டு வெளியேறுவோருக்கு 1800 65 64 63 என்ற எண் உள்ளது. உயிருக்கு ஆபத்தெனில் 000. தமிழில் பேச விரும்புவோர் முதலில் 131 450ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

மீள்பார்வை

டூங்காபி உறவினர் இவற்றை அறிந்திருந்தால், பாரமற்றாவில் இலகு ரயிலுக்கு அருகே, சமையலறையுடன், கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய ஒரு தங்குமனையைப் பதிவு செய்திருப்பார். நாள் மாறியபோது ஒரு தொலைபேசி அழைப்போடு காரியம் முடிந்திருக்கும். பணம் கட்டுமுன் கீழ்க்காணும் ஐந்து வினாக்களுக்கு விடை காண்க:

1. இது விடுதியா, மதுச்சாலையா, தங்குமனையா, தனியார் வீடா?
2. செல்ல வேண்டிய இடத்துக்கு இங்கிருந்து நேரடி ரயிலோ பேருந்தோ உண்டா?
3. வாகன நிறுத்தமும் காலை உணவும் சேர்ந்த மொத்தச் செலவு எவ்வளவு?
4. எந்த நாள், எந்த நேரம் வரை கட்டணமின்றி ரத்து செய்யலாம்?
5. நேரடியாகப் பதிவு செய்கிறோமா, இடைத்தளம் வழியாகவா? முறையீடு எவரிடம் செய்வது?