கழுகுமலைக் கல்வெட்டும் நம் குலமுறையும்

நம் இல்லங்களில் பாட்டனார் பெயரை அறியாதார் இலர். பாட்டனாரின் பாட்டனார் யாவர் எனின், பெரும்பாலோர் விடை கூறத் தயங்குவர். முன்னோரை அறியும் நெறி யாது என்பதைத் தென்பாண்டி நாட்டுச் சமணத் திருத்தலம் ஒன்றைத் துணையாகக் கொண்டு இங்கு ஆராய்வோம்.

சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டிக்குச் செல்லும் சாலையில், கிழக்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ளது கழுகுமலை. அரைமலை என்பது இதன் பழம்பெயர். கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில், பாண்டியர் ஆட்சிக் காலத்தில், தீர்த்தங்கரர் திருமேனிகள் இம்மலைப் பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பெற்றன. அவற்றின் கீழ் ஏறத்தாழ நூறு வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 1925இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஐந்தாம் தொகுதியில் அவற்றின் வாசகங்களைக் காணலாம்.

இவை மிகச் சிறிய கல்வெட்டுகள். திருமேனியைச் செய்வித்தவர் பெயர், அவருடைய ஊர், அவருக்கு அறம் உரைத்த ஆசிரியர் பெயர் ஆகியவற்றையே பெரும்பாலும் கூறுகின்றன. பிறர் பொருட்டுச் செய்வித்தோரும் உளர். துறவியரோடு தச்சர், குயவர் போன்ற எளியோரும் இடம்பெறுகின்றனர். குரத்தியர் எனப்படும் பெண் ஆசிரியர்களின் பெயர்களும் ஆண் ஆசிரியர்களின் பெயர்களுக்கு நிகராகப் பொறிக்கப்பட்டுள்ளன. திருச்சாரணம் (இன்றைய சிதறால்), கோட்டாறு, நாம் இன்றும் அப்பாண்டைநாதரை வழிபடும் திருநறுங்கொண்டை முதலிய ஊர்களைச் சார்ந்தோரை இங்கு ஒருங்கே காண்கிறோம்.

இவருள் ஒருவரை நம் மூதாதை எனக் கொள்ளலாமா? ஆகாது. இடைப்பட்ட ஆயிரத்து நூறு ஆண்டுகளை இணைக்கும் சான்று வேண்டும். பெயர் ஒற்றுமை மட்டும் சான்றாகாது. ஆதாரமின்றிச் சேர்க்கும் பெருமை வாய்மை விரதத்திற்கே இழுக்காகும். எனினும் பெயர், ஊர், உறவு, ஆசிரியர் என்னும் நான்கையும் சேர்த்தெழுதும் அவ்வழக்கம் நமக்கு நல்ல பாடமாகும்.

அதனைப் பின்பற்றும் முறை வருமாறு:

1. தம்மிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். முதற்கண் இல்லத்து முதியோரைக் கேட்டு எழுதுக.

2. பழைய நிலப் பத்திரங்களைப் பார்க்க. இன்ன ஊரிலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார் என்று அவை தலைமுறையைக் காட்டும். ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் சகோதரர் அனைவரையும் காணலாம்.

3. ஏட்டுச் சுவடிகளின் இறுதியில் எழுதினோர் பெயரும், சில இடங்களில் ஊரும் ஆண்டும் இருக்கும். ஜினாலயத்துத் திருப்பணிக் கல்வெட்டுகளில் நன்கொடையாளர் பெயர்கள் இருக்கும்.

4. முதியோர் கூற்றையும் எழுத்துச் சான்றையும் ஒப்பிடுக. முரண்பட்டால் இரண்டையும் குறித்து வைக்க. ஐயமுள்ளதை ஐயமென்றே எழுதுக.

ஒன்றை மறவாதிருப்போம். நாம் வரையும் வம்சாவளிகளில் பெண்மக்கள் பெயர் பெரும்பாலும் விடுபடுகிறது. திருமணமாகிச் சென்ற அத்தையும் மகளும் கணக்கில் வாராமலே போகின்றனர். அன்று குரத்தியர் பெயரைக் கல்லில் பொறித்த மரபினர், இன்று தாளிலும் தம் மகளிர் பெயரை எழுதாதிருப்பது முறையன்று.

கல்லெழுத்து ஆயிரம் ஆண்டு நிற்கும். முதியோர் நினைவோ அவரோடு மறையும். மகாவீரர் வீடுபேறெய்திய தீபாவளி நாளில் குடும்பத்தார் ஒன்றுகூடும்போது, ஒரு குறிப்பேட்டை அவர்முன் வைத்து எழுதத் தொடங்குவோமாக.